லிஃப்ட் செய்த ஃபோர் வீல் டிரைவ் வண்டி நன்றாக ஒடிந்து திரும்ப என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் போன்ற பிக்கப்புகளுக்கும், தார், ஜிம்னி, ஜிப்ஸி போன்ற சிறிய வண்டிகளுக்கும் லிஃப்ட் போட்டு (ஸ்பிரிங்கை உயர்த்தி வண்டியைத் தூக்கி நிறுத்தி), பெரிய டயர் மாட்டியவர்கள் கொஞ்ச நாளில் ஒரே புகாரோடு வருகிறார்கள்: "முன்னெல்லாம் ஒரே ஒடிப்பில் திரும்பிய இடத்தில் இப்போது ரிவர்ஸ் போட வேண்டியிருக்கிறது." கல்லட்டியின் 36 கொண்டை ஊசிகளிலோ கொல்லிமலையின் 70-லோ பின்னால் பஸ் நிற்கும்போது ரிவர்ஸ் போட நேர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அப்படிப்பட்டவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன்சக்கரம் ஒடியும்போது (ஸ்டியரிங்குக்குத் தக்கபடி பக்கவாட்டில் திரும்பும்போது) அதை ஏதோ ஒன்று நிறுத்துகிறது. அது எது என்று கண்டுபிடிக்காமல் ஒரு ரூபாய்க்குக்கூடப் பொருள் வாங்காதீர்கள்.

லிஃப்ட் செய்தாலே வண்டி அகலமாகத்தான் திரும்புமா?

இல்லை. வண்டி எவ்வளவு இடத்தில் திரும்பும் என்பதை முக்கியமாக இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரமான வீல்பேஸ், முன்சக்கரம் ஒடியும் கோணம். ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் வீல்பேஸ் பெரிதாக மாறாது. கோணமும் தானாகக் குறையாது.

கோணத்தைத் தின்பது லிஃப்ட்டோடு சேர்ந்து வருகிறவைதான். பெரிய டயர் முழு ஒடிப்புக்கு முன்பே லீஃப் ஸ்பிரிங் பட்டையிலோ சேஸிஸிலோ (வண்டியின் அடிச்சட்டம்) உரசுகிறது. உரசலை நிறுத்த ஒர்க்‌ஷாப்பில் சக்கரம் எவ்வளவு ஒடியலாம் என்று எல்லை வைக்கும் ஸ்டாப் போல்ட்டை வெளியே இழுத்து ஒடிப்பையே குறைத்துவிடுகிறார்கள். ஸ்டியரிங் பாக்ஸை (ஸ்டியரிங் வீலின் சுற்றைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பெட்டி) சக்கரங்களோடு இணைக்கும் தண்டான டிராக் லிங்க் சாய்ந்து, பாக்ஸ் நடுவிலிருந்து விலகுகிறது. லிஃப்ட் கிட்டோடு வந்த பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து டிராக் லிங்க்கைத் தள்ளும் கை) பழையதைவிடக் குட்டையாக இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய முடியும், சிலவற்றைச் செலவே இல்லாமல்.

எவ்வளவு இழந்திருக்கிறேன் என்று எப்படி அளப்பது?

சமதளமான, காலியான தரை வேண்டும். மண் மைதானம் நல்லது, சக்கரத்தடம் தெளிவாக விழும். சிமெண்ட் தரை என்றால் முன்சக்கரத்தின் வெளிவிளிம்பில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். டூ வீல் டிரைவில், நடை வேகத்தில், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து ஒரு முழு வட்டம் அடியுங்கள். வெளிப்பக்க முன்சக்கரத்தின் தடத்தில் ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரம்வரை டேப் பிடித்து அளந்தால் வட்டத்தின் விட்டம் கிடைக்கும். அதில் பாதிதான் கம்பெனி சொல்லும் டர்னிங் ரேடியஸ்.

வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டையும் கண்டிப்பாக அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

கனமான ஆஃப்ரோடு பம்பர் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சக்கரம் வரையும் வட்டம் வேறு, பம்பரின் மூலை வரையும் வட்டம் வேறு. கொண்டை ஊசியில் பாறைச் சுவரில் இடிப்பது பம்பர் மூலைதான். மூலை வெட்டிய பம்பர் மாற்றினால் சக்கரத்தின் ஒடிப்பு ஒரு டிகிரிகூடக் கூடாது, ஆனாலும் வண்டி நுழையும் இடம் கூடும்.

இரண்டு மூன்று டிகிரியில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது?

நிறைய வரும். வீல்பேஸை ஒடிப்புக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால் வெளிப்பக்க முன்சக்கரம் போகும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஹைலக்ஸின் வீல்பேஸ் 3,085 மி.மீ. வெளிச்சக்கரம் 32 டிகிரி ஒடிந்தால் ஆரம் சுமார் 5.8 மீட்டர். 28 டிகிரிதான் ஒடிகிறது என்றால் சுமார் 6.6 மீட்டர். நான்கு டிகிரி போனதில் வட்டத்தின் விட்டம் ஒன்றரை மீட்டர் கூடிவிட்டது. மலைச்சாலையில் அந்த ஒன்றரை மீட்டருக்குத்தான் ரிவர்ஸ் போடுகிறோம்.

ஜிப்ஸியின் வீல்பேஸ் 2,375 மி.மீ.தான். அதே 28 டிகிரியில் அது சுமார் 5.1 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். நீள வண்டிக்காரருக்கு ஒவ்வொரு டிகிரியும் பொன். 3,180 மி.மீ. வீல்பேஸ் உள்ள லேண்ட் குரூசர் 79 பிக்கப்பின் டர்னிங் ரேடியஸ் கம்பெனியிலிருந்து வரும்போதே 7 மீட்டருக்கு மேல். அந்த மாதிரி வண்டியை லிஃப்ட் செய்து, போல்ட்டையும் இழுத்துவிட்டால் ஊருக்குள் ஓட்டுவதே பாடாகிவிடும்.

எது முதலில் தடுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். முன் அச்சு முழுவதும் தொங்கக் கூடாது. ஸ்பிரிங்கில் பாரம் இருக்கும் நிலையில், சக்கரம் தரையைவிட்டு ஒரு விரல் அளவு எழும்பினால் போதும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடிக்கட்டும். நீங்கள் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுத்துக்கொள்ளுங்கள்.

முழு ஒடிப்பில் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. முதலாவது ஸ்டாப் போல்ட். நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கி அதோடு திரும்பும் பாகம்) பின்புறம் லாக் நட்டோடு ஒரு போல்ட் இருக்கும். அதன் தலை அச்சின் ஹவுசிங்கில் போய் முட்ட வேண்டும். முட்டுகிறதா, அல்லது இடைவெளி இருக்கும்போதே ஸ்டியரிங் நின்றுவிடுகிறதா? போல்ட்டின் தலை பளபளவென்று தேய்ந்திருந்தால் அது வேலை செய்கிறது. துருவும் பெயிண்டும் அப்படியே இருந்தால் அது ஒருநாளும் முட்டியதில்லை.

இரண்டாவது டயர். வலப்பக்கம் ஒடிக்கும்போது வலது சக்கரத்தின் பின்விளிம்பு உள்ளே வரும், இடது சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே வரும். வளைவின் உட்பக்கச் சக்கரம் எப்போதும் கொஞ்சம் அதிகம் ஒடிவதால், அதன் பின்விளிம்புதான் பெரும்பாலும் முதலில் உரசும். லீஃப் பட்டையின் ஓரத்திலோ ரேடியஸ் ஆர்மிலோ (காயில் ஸ்பிரிங் வண்டியில் அச்சைச் சேஸிஸோடு இணைக்கும் தண்டு) கறுப்பு ரப்பர் தடத்துக்கு நடுவே இரும்பு பளிச்சென்று தெரிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

மூன்றாவது ஸ்டியரிங் பாக்ஸ், அல்லது சில வண்டிகளில் அதற்குப் பதிலாக இருக்கும் ரேக் (பல் வெட்டிய தண்டு). போல்ட்டும் முட்டவில்லை, டயரும் உரசவில்லை, ஆனாலும் ஸ்டியரிங் நின்றுவிட்டது என்றால் அதன் ஓட்டம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நான்காவது, முன் அச்சின் ஜாயிண்ட், அதாவது ஒடிந்த சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தியைக் கொண்டுபோகும் இணைப்பு. முழு ஒடிப்பில் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். கடக் கடக் என்று பிடித்துப் பிடித்துச் சுற்றினால் ஜாயிண்ட் தன் எல்லைக்கு வந்துவிட்டது. ஃப்ரீ வீலிங் ஹப் (சக்கரத்தை அச்சுத்தண்டிலிருந்து விடுவிக்கும் அமைப்பு) இருந்தால் அதை லாக் செய்துவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஒரு முன்சக்கரத்தை மட்டும் கல்லின் மேலோ சாய்வுப் பலகையின் மேலோ ஏற்றி மீண்டும் ஒடித்துப் பாருங்கள். சமதளத்தில் உரசாத டயர், ஸ்பிரிங் அமுங்கியதும் மட்கார்டில் உரசும். காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் அந்தக் காற்றழுத்தத்தில்தான் சோதிக்க வேண்டும், பக்கவாட்டில் பிதுங்கிய டயர் இன்னும் சீக்கிரம் உரசும்.

ஸ்டாப் போல்ட்டை எவ்வளவு உள்ளே தள்ளலாம்?

மேலே சொன்ன சோதனையில் போல்ட் முட்டும்போது டயருக்கும் பட்டைக்கும் இடையே இன்னும் இடம் இருந்தது, ஜாயிண்ட்டும் வழுக்கிச் சுற்றியது என்றால் தாராளமாகத் தள்ளலாம். கிங்பின்னின் (சக்கரம் ஒடிந்து திரும்பும் அச்சாணி) மையத்திலிருந்து போல்ட் 10 செ.மீ. தள்ளி இருந்தால், 1.75 மி.மீ. நகர்த்துவது ஒரு டிகிரிக்குச் சமம். 1.25 மி.மீ. பிட்ச் உள்ள போல்ட்டில் ஒரு முழுச் சுற்று என்பது சுமார் 0.7 டிகிரி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஒடித்துப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சுற்றுங்கள். டயருக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடமாவது மிச்சம் இருக்கட்டும். முடிந்ததும் லாக் நட்டை நன்றாக இறுக்குங்கள்.

போல்ட்டைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: கூடவே கூடாது. போல்ட் இல்லையென்றால் அதன் வேலையை ஜாயிண்ட்டும் ஸ்டியரிங் பாக்ஸும் செய்யும். போல்ட்டின் விலையையும் அவற்றின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் முழு ஒடிப்பில் பம்ப் முனகும் சத்தம் கேட்டால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். சில விநாடிகளுக்கு மேல் அப்படியே பிடித்தால் ஆயில் வேகமாகச் சூடாகும்.

வலப்பக்கம் நன்றாகத் திரும்புகிறது, இடப்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ஸ்டியரிங் பாக்ஸ் உள்ள வண்டிகளில் லிஃப்ட்டுக்குப் பிறகு நான் அதிகம் பார்த்த குறை இதுதான். இதைச் சரிசெய்யக் காசு கிட்டத்தட்டத் தேவையே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாக்ஸ் சேஸிஸில் இருக்கிறது, சக்கரங்கள் அச்சில் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் டிராக் லிங்க், சேஸிஸை உயர்த்தியதும் இன்னும் செங்குத்தாகச் சாய்கிறது. அதன் நீளம் மாறவில்லை, ஆனால் பக்கவாட்டில் அது எட்டும் தூரம் குறைந்துவிட்டது. அதனால் சக்கரங்கள் ஒரு பக்கம் இழுபடுகின்றன. சக்கரத்தை நேராக வைத்தால் ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும்.

அவசர ஒர்க்‌ஷாப்பில் என்ன செய்வார்கள்? ஸ்டியரிங் வீலைக் கழற்றி, பல்லை மாற்றி நேராக மாட்டிவிடுவார்கள். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே பாக்ஸ் இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது. ஒரு பக்கம் இரண்டரைச் சுற்று, மறுபக்கம் ஒன்றரைச் சுற்று என்று ஆகிவிடும். குறைவாக இருக்கும் பக்கத்தில், ஸ்டாப் போல்ட் முட்டுவதற்கு முன்பே பாக்ஸ் தீர்ந்துவிடும்.

சரியான முறை இது. பிட்மேன் ஆர்மிலிருந்து டிராக் லிங்க்கைக் கழற்றுங்கள். ஸ்டியரிங்கை மெதுவாக ஒரு கோடி முதல் மறு கோடி வரை சுற்றி, மொத்தச் சுற்றை எண்ணுங்கள். முனையில் போய் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு சுற்று வந்தால், ஒரு கோடியிலிருந்து இரண்டு சுற்றுத் திரும்பி வந்து நிறுத்துங்கள். அதுதான் பாக்ஸின் நடு. முன்சக்கரங்களை நேராக வையுங்கள். இப்போது டிராக் லிங்க்கின் அட்ஜஸ்டரைச் சுற்றி, அது தானாகப் பிட்மேன் ஆர்மில் போய் உட்காரும் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். உட்காரவில்லை என்றால் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள், லிங்க்கின் நீளத்தைத்தான் மாற்ற வேண்டும். முடுக்கிவிட்டு, அட்ஜஸ்டரின் கிளாம்ப்பை இறுக்கிவிட்டு, கடைசியாக ஸ்டியரிங் வீல் கோணலாக இருந்தால் அதைக் கழற்றி மாட்டலாம். ஏர்பேக் உள்ள வண்டியில் அந்தக் கடைசி வேலையைத் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

ஜிம்னி போல் காயில் ஸ்பிரிங்கும் ரிஜிட் அச்சும் உள்ள வண்டிகளில் இன்னொரு காரணமும் சேரும். அச்சைச் சேஸிஸோடு குறுக்கே கட்டும் பான்ஹார்டு ராடு சாய்ந்து, அச்சையே ஒரு பக்கம் தள்ளிவிடும். ஒரு பக்கத்து டயர் சேஸிஸுக்கு நெருக்கமாகி, அந்தப் பக்கம் மட்டும் உரசும். நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு ராடு போட்டு முதலில் அச்சை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மற்ற எதையும் தொட வேண்டும்.

என் வண்டியில் பாக்ஸ் இல்லை, ரேக் ஸ்டியரிங். எனக்கு?

ஹைலக்ஸ், வி-கிராஸ், 2020-க்குப் பிறகு வந்த தார் ஆகியவற்றில் முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும்). ரேக்கின் ஓட்டம் கம்பெனி வைத்ததுதான், அதைக் கூட்ட வழி குறைவு. ஆனால் கைவிட்டுப் போனதை மீட்கலாம்.

ரேக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் இரண்டு டை ராடுகளின் முனைகளிலும் வெளியே தெரியும் மரையை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 10 மி.மீ.யும் மறுபக்கம் 22 மி.மீ.யும் இருந்தால், அலைன்மென்ட் செய்தவர் ஒரு பக்கத்தை மட்டுமே சுற்றிக் கணக்கை முடித்திருக்கலாம். ரேக் நடுவில் இல்லாததால் ஒரு பக்கம் ஒடிப்பு குறையும். ரேக்கை நடுவில் நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் சமமாக அட்ஜஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

டயர் பின்பக்கத்தில், மட்கார்டின் உள்மூலையிலோ பாடி மவுண்டிலோ உரசுவதுதான் இந்த வண்டிகளில் வழக்கம். லிஃப்ட்டுக்குத் தக்க அப்பர் ஆர்ம் போட்டு கேஸ்டரை (சக்கரம் ஒடியும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) சரிசெய்யும்போது, லோயர் ஆர்மின் கேம் போல்ட்டையும் சேர்த்துப் பயன்படுத்திச் சக்கரத்தைச் சில மில்லிமீட்டர் முன்னே கொண்டுவரலாம். பல நேரம் அந்தச் சில மில்லிமீட்டரே போதும். பிளாஸ்டிக் லைனரைச் சூடாக்கிப் பின்னுக்கு அழுத்துவதும், உள்ளே துருத்தும் தகட்டின் மடிப்பைத் தட்டிப் படியவைத்துத் துரு பிடிக்காமல் பெயிண்ட் பூசுவதும் சின்ன வேலைகள்.

ரேக்கின் முனையில் இருக்கும் ஸ்டாப்பர் வளையத்தை எடுத்தால் கூடுதலாக ஒடியும் என்று சிலர் சொல்வார்கள். ஒடியும்தான். ஆனால் லிஃப்ட்டினால் ஏற்கெனவே சாய்ந்து நிற்கும் சி.வி. ஜாயிண்ட்டின் மேல் அந்தக் கூடுதல் கோணமும் ஏறும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வீல் ஸ்பேசர் போட்டால் ஒடிப்பு கூடுமா?

டயர் பட்டையிலோ சேஸிஸிலோ உரசுவதுதான் உங்கள் தடை என்றால், கூடும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசரால் டயரை 30 மி.மீ. வெளியே தள்ளினால், உரசும் இடம் கிங்பின்னிலிருந்து சுமார் 40 செ.மீ. தள்ளி இருக்கும் வண்டியில், கிட்டத்தட்ட 4 டிகிரி கூடுதலாக ஒடிக்க இடம் கிடைக்கும். ஸ்பேசரைப் போட்டுவிட்டு ஸ்டாப் போல்ட்டையும் உள்ளே தள்ளினால்தான் அந்த நான்கு டிகிரி கையில் வரும். பலர் ஸ்பேசரோடு நின்றுவிட்டு, பலன் இல்லை என்று குறைசொல்கிறார்கள்.

ஸ்பேசரைவிட ஆஃப்செட் குறைந்த (சக்கரத்தை வெளியே தள்ளி உட்காரவைக்கும்) ரிம் நல்லது என்பது என் கருத்து, இணைப்பு ஒன்று குறையும். ஸ்பேசர்தான் என்றால் ஹப்பின் நடுவில் இறுக்கமாக உட்காரும் வகையை வாங்குங்கள். சும்மா வட்டத் தகடு மாதிரி வருகிறதைத் தொடவே வேண்டாம்.

இதற்கு விலை உண்டு. சக்கரம் வெளியே போகப் போக வீல் பேரிங்கில் சுமை கூடும். குழியில் விழும்போது ஸ்டியரிங் கையை வெட்டி இழுக்கும். வெளியே வந்த டயர், ஒடிக்கும்போது பம்பர் மூலையிலும் மட்கார்டிலும் போய் முட்டும், அங்கே வெட்ட வேண்டியிருக்கும். தடம் அகலமாவதால் வட்டத்தில் அந்த 30 மி.மீ. கூடும் என்றாலும், நான்கு டிகிரி தரும் லாபத்தின் முன் அது ஒன்றுமில்லை.

தடை ஸ்டியரிங் பாக்ஸ் என்றால் ஸ்பேசரால் துளியும் பயன் கிடையாது.

நீளமான பிட்மேன் ஆர்ம் போடலாமா?

பாக்ஸின் ஓட்டம் ஸ்டாப் போல்ட்டுக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது, பாக்ஸும் சரியாக நடுவில் இருக்கிறது என்றால் மட்டும் போடலாம். ஆர்ம் 15 செ.மீ.யிலிருந்து 17 ஆனால், அதே சுற்றுக்கு டிராக் லிங்க் சுமார் 13 சதவீதம் அதிகம் நகரும். ஸ்டியரிங் அந்த அளவுக்குக் கனமாகும், பாக்ஸின் ஷாஃப்டிலும் பளு கூடும்.

லிஃப்ட்டுக்கென்று வரும் டிராப் பிட்மேன் ஆர்மை வாங்கும் முன் பழையதன் பக்கத்தில் வைத்து, ஓட்டைக்கு ஓட்டை நீளத்தை அளங்கள். கீழே இறங்கும் அளவை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள், நீளம் குட்டையாகிவிட்டதைக் கவனிப்பதில்லை. டிராக் லிங்க்கை நக்கிளின் மேலே ஏற்றும் ஹை ஸ்டியர் மாற்றத்திலும் இதே கதைதான். நக்கிள் மேல் வரும் புதிய ஆர்ம் பழையதைவிட நீளமாக இருந்தால் ஒடிப்பு குறையும். அதற்குத் தக்கபடி பிட்மேனையும் நீட்டினால்தான் கணக்கு சரியாகும்.

ஜாயிண்ட் எவ்வளவு கோணம் தாங்கும்?

வகையைப் பொறுத்தது. பழைய ஜீப் வகை அச்சுகளில் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட், கோணம் கூடும்போது ஒரே வேகத்தில் சுற்றாது. 30 டிகிரியில், ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தின் வேகம் உள்ளே வரும் வேகத்தின் 87 சதவீதத்துக்கும் 115 சதவீதத்துக்கும் இடையே ஏறி இறங்கும். 40 டிகிரியில் அது 77-க்கும் 131-க்கும் இடையே. ஃபோர் வீலில் முழு ஒடிப்பில் ஸ்டியரிங் கையில் குலுங்குவது இதனால்தான். அதற்கும் மேலே போனால் ஜாயிண்ட்டின் காதுகளே ஒன்றோடொன்று முட்டி உடையும்.

ஜிப்ஸியிலும் லேண்ட் குரூசர் 70 வரிசையிலும் நக்கிளுக்குள் இருப்பது பந்துகள் உள்ள பர்ஃபீல்டு வகை. அது சீராகச் சுற்றும். ஆனாலும் அதன் எல்லையில் வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் கிண்ணம் பிளந்துவிடும். முழு ஒடிப்பு, ரிவர்ஸ், பூட்டிய முன் லாக்கர் (இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் பூட்டு), பிடிமானமுள்ள பாறை என்று நான்கும் சேர்ந்தால் ஜாயிண்ட் போவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. அந்த நிலையில் ஸ்டியரிங்கைக் கால் சுற்றாவது தளர்த்திவிட்டு மிதியுங்கள்.

ஃபோர் வீல் போட்டதும் வண்டி திரும்ப மறுக்கிறதே?

வண்டியில் குறை எதுவும் இல்லை. பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவில் முன் அச்சையும் பின் அச்சையும், எஞ்சின் சக்தியை இரண்டுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒரே வேகத்தில் பூட்டுகிறது. ஆனால் 30 டிகிரி ஒடித்துத் திரும்பும்போது முன் அச்சு பின் அச்சைவிடச் சுமார் 15 சதவீதம் அதிகத் தூரம் ஓட வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும். தார் ரோட்டில் வழுக்க வழியில்லை, அதனால் யாரோ பிரேக் பிடித்தது போல வண்டி இறுகும், வட்டமும் அகலமாகும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹெச்சில் (ஃபோர் வீல், வேகக் கியர்) ஓட்டவே கூடாது. ஆஃப்ரோடிலும், கெட்டியான தரையில் இறுக்கமான வளைவு வந்தால் அந்த வளைவுக்கு மட்டும் டூ ஹெச்சுக்கு (டூ வீல்) வந்துவிடுவது நல்லது.

லாக்கரும் இப்படித்தான். முன் லாக்கர் பூட்டியிருந்தால் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றி வண்டியை நேராகவே இழுக்கும். தடையைத் தாண்டியதும் அணைத்துவிடுங்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையைவிட, ஸ்விட்ச்சில் போட்டு எடுக்கும் வகை மலைக்குப் போகிறவருக்கு ஏற்றது.

ஒரு பக்கப் பின்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்துத் திருப்புகிறார்களே, அது என்ன?

டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிராக்டரில் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல். உழவுச் சாலின் முனையில் உட்பக்கப் பெடலை மட்டும் மிதித்தால் வண்டி அந்தச் சக்கரத்தைச் சுற்றியே திரும்பிவிடும். போட்டிக்கென்று கட்டப்படும் ஆஃப்ரோடு வண்டிகளில் கை லீவர் வைத்து இதையே செய்கிறார்கள், கட்டிங் பிரேக் என்று பெயர். இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பின் டிஃபரென்ஷியல் பூட்டாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் இது வேலை செய்யாது.

இப்போது கம்பெனிகளே இதை எலக்ட்ரானிக்ஸில் தருகின்றன. லேண்ட் குரூசரில் டர்ன் அசிஸ்ட், 2021-ல் வந்த ஃபோர்டு பிராங்கோவில் டிரெயில் டர்ன் அசிஸ்ட், 2024-ல் வந்த தார் ராக்ஸில் இன்டெல்லிடர்ன். எல்லாம் உட்பக்கப் பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் வேலைதான். மணலிலும் சரளையிலும் அருமையாகத் திருப்பும். பொதுச் சாலையில் ஓடும் வண்டியின் பிரேக் லைனில் ஒரு லீவரைச் செருகுவதை நான் ஏற்கவில்லை. அது போட்டி வண்டிக்கான சமாச்சாரம்.

பின்சக்கரமும் திரும்பும்படி செய்ய முடியாதா?

செய்திருக்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2002 முதல் 2005 வரை தன் பெரிய பிக்கப்புகளில் குவாட்ராஸ்டியர் என்ற வசதியைத் தந்தது. மெதுவாகப் போகும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் 12 டிகிரி வரை ஒடியும். நீண்ட பிக்கப் சிறிய கார் அளவு இடத்தில் திரும்பியது. விலை அதிகம், வாங்கியவர்கள் குறைவு, நின்றுபோனது. உங்கள் பிக்கப்பில் லேத் பட்டறையில் செய்து மாட்டும் வேலை இல்லை இது.

அக்கர்மன் கோணம் கெட்டுவிட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். கவலைப்பட வேண்டுமா?

உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தில் போவதால் அது வெளிச்சக்கரத்தைவிட அதிகம் ஒடிய வேண்டும். அதற்கான அமைப்பை உருவாக்கியவர் மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான லாங்கன்ஸ்பெர்கர், 1818-ல் லண்டனில் அவருக்காகக் காப்புரிமை வாங்கிய அக்கர்மனின் பெயர் ஒட்டிக்கொண்டது. அச்சுக்குப் பின்னால் இருந்த டை ராடை, நக்கிளை மாற்றாமல் முன்னால் கொண்டுபோனால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடும், மெதுவாகத் திரும்பும்போதே டயர் தேய்த்துக்கொண்டு போகும். அப்படி எதுவும் செய்யாமல் வெறும் ஸ்பிரிங் லிஃப்ட் என்றால் கவலை வேண்டாம்.

சட்டப்படி இதெல்லாம் செய்யலாமா?

ஸ்டாப் போல்ட், டிராக் லிங்க், அலைன்மென்ட் எல்லாம் வண்டியிலேயே இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட்கள், பிரச்சினை இல்லை. லிஃப்ட், பெரிய டயர், வெட்டிய பாடி ஆகியவை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்ன அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். லிஃப்ட் போடுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுவது நல்லது.

ஒடிப்பைக் கூட்டிய பிறகு வேறு எதைச் சரிபார்க்க வேண்டும்?

பிரேக் ஹோஸை. லிஃப்ட்டினால் அது ஏற்கெனவே இழுபட்டிருக்கும், கூடுதல் ஒடிப்பு இன்னும் இழுக்கும். முன்பக்கத்தைத் தூக்கி, இந்த முறை சக்கரங்களை முழுவதும் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் கோடிவரை ஒடியுங்கள். ஹோஸ் கம்பிபோல் விறைத்து நிற்கக் கூடாது, டயரில் உரசவும் கூடாது. ஏ.பி.எஸ். வயரையும் அதே நிலையில் பாருங்கள். விறைப்பாக இருந்தால் நீளமான ஹோஸ் வரும்வரை ஸ்டாப் போல்ட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் லாக் நட், டிராக் லிங்க் கிளாம்ப், ஸ்பேசர் நட் மூன்றையும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.